கொழிஞ்சி முளைத்த மாப்பிள்ளை

எங்கள் மினி பஸ் ஓணான் கரட்டு வளைவில் டயர் வெடித்து நின்றது. டிரைவர் இறங்கி ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார். அது வெடித்த டயரை விட மோசமாக இருந்தது. அந்த வழியாக வந்த பைக் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, டயரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிப் போய்விட்டார். மிச்சம் இருந்தது பஸ்ஸும் இறங்கி நின்ற பயணிகளும் கண்டக்டராகிய நானும். டிரைவர் இல்லாத பஸ்ஸில் எல்லாத் திட்டும் கண்டக்டருக்குத்தான். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது வேறு பேச்சு எடுக்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

நல்லவேளை, தவமணி டீச்சர் கரட்டைப் பார்த்துவிட்டார். சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"அது என்ன பூங்க? மலை முழுக்க ஊதாக் கலர்ல இருக்கே."

மார்கழி மாதம். மழை நின்று கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கரட்டில் மரம் என்று பேருக்கு ஒன்று கிடையாது. எல்லாம் பாறை, பாறைக்கு நடுவே பாறை. அந்த இடுக்குகளில் எல்லாம் இடுப்பளவுப் புதராகக் கொழிஞ்சி மண்டி, சரிவு முழுக்க ஊதாப் பூவாகக் கிடந்தது.

"கொழிஞ்சி டீச்சரம்மா," என்று பதில் வந்தது. "என் சொந்தக்காரச் செடி."

சொன்னவர் மொக்கராசு. கீழ்த்தெரு. எங்கள் வழித்தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, அவர் சொன்னதை நம்பியவர்களும் இல்லை. மைல்கல் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பின்னியக்காள், மடியில் மொச்சைக்காயைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தார். புருஷன் வாயைத் திறந்ததும் அந்த அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

"செடி எப்படிண்ணே சொந்தமாகும்?" என்று ஆரம்பித்தான் ஜக்கையன். லாரி ஓட்டுபவன். தன் லாரியைப் பட்டறையில் வேலைக்கு விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸில் வந்து மாட்டிக்கொண்ட எரிச்சலில் இருந்தான்.

"ரத்த சொந்தம்டா தம்பி. நான் அந்தக் கரட்டுல செடியா நின்னவன்."

எனக்கு உயிர் வந்தது. "சொல்லுங்கண்ணே," என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மா, மொதல்ல என்னயப் பத்தித் தெரிஞ்சுக்கங்க. இந்தத் தாலுகாவுல என்னய மாதிரி சோம்பேறி பொறந்ததில்ல. இத நான் பெருமைக்குச் சொல்லல. எல்லாப் புள்ளையும் பொறந்ததும் அழுகும். நான் அழுக அலுப்புப்பட்டு, பக்கத்துக் கட்டில் புள்ள அழுததை என் கணக்குல வச்சுக்கச் சொல்லிட்டேன். அப்பேர்ப்பட்டவனுக்கு மாமன் மக மேல ஆசை வந்துச்சு. இந்தா உக்காந்திருக்காளே, இவதான்."

பின்னியக்காள் தலை நிமிரவில்லை.

"மாமன் பேரு சிவனாண்டி. மீசையை முறுக்கிவிட்டா அதுல அரிக்கேன் விளக்க மாட்டலாம். போயி கேட்டேன். 'மாமா, பொண்ணு குடுங்க.' அவரு என் வயலைக் கேட்டாரு. எங்க வயலு களரு. அதுல ஒரு பிடி மண்ண அள்ளிப் போட்டா ஊருக்கே கொழம்புக்கு உப்பு தேவையில்ல. விதைச்ச நெல்லு முளைக்காது, ஊறுகாயாத்தான் வரும். மாமா சொன்னாரு: 'டேய் மாப்ள, பால் சொசைட்டிக்காரர் மகன் ஸ்கூட்டர் வச்சிருக்கான். பொண்ணு கேட்டு நடையா நடக்கான். ஆனா நீ அக்கா மகன். உனக்கு ஒரு வாய்ப்புத் தாரேன். ஓணான் கரட்டுல ஏறிக் கொழிஞ்சி விதை எடுத்துட்டு வா. அந்தக் களருல விதை. வளந்ததும் மடக்கி உழுது, நெல்லு போட்டு விளைய வச்சுக் காட்டு. விளைஞ்சா என் மக உனக்கு. இல்லேன்னா ஸ்கூட்டருக்கு.'"

"கொழிஞ்சியை உரமாப் போடுவாங்களா?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க. மடக்கி உழுதா களரும் கனியும். அது மட்டும் நெசம்," என்றான் ஜக்கையன்.

"மத்ததும் நெசந்தாண்டா. கேளு. பின்னி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. என்னயப் பாத்து ஒரே வார்த்தை. 'வெதையோட வா மச்சான். இல்லேன்னா வராத.' கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும் கலங்கிருச்சு. அவளுக்குப் பாசத்துல, எனக்குக் கரட்டுல ஏறணுமேங்கிற கவலையில."

டீச்சர் சிரித்துவிட்டார். மொக்கராசுவுக்கு அது போதும். கரட்டின் பக்கம் கையை நீட்டினார்.

"இப்ப மார்கழி, பாக்க லட்சணமா இருக்கு. நீங்க மாசியில பாக்கணும். அப்ப மழை பெஞ்சாலும் தண்ணி தரைக்கு வராது. பாதி வழியில சூடு தாங்காம, வந்த வேகத்துல திரும்பி மேகத்துக்குள்ள புகுந்துரும். மேல காக்கா பறந்தா, பாறையில விழுகுற அதோட நெழலு கருகி வாசனை வரும். ஓணான் எல்லாம் எங்க ஊருக்கு இறங்கி வந்து, வீட்டுக் கதவத் தட்டித் தண்ணி கேக்கும்."

"குடுத்தீகளா?" என்றான் ஜக்கையன்.

"எந்திரிச்சுப் போயிக் குடுக்கணுமே. அதனால நான் தூங்குற மாதிரி நடிச்சிருவேன்."

கொழிஞ்சி விதையை எப்போது எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விடிகாலையில், காய் பனியில் நனைந்து பதமாக இருக்கும்போது. வெயில் ஏறிவிட்டால் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து, விதை சிதறிப் போகும். மொக்கராசுவுக்கும் அது தெரியும். ஆனால் விடிகாலை எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"நான் எந்திரிச்சு, பல்லு வெளக்கி, கரட்டுல ஏறி முடிக்கையில உச்சி வெயிலு. முழங்காலு ரெண்டும் என்னயத் திட்டுச்சு. காதால கேட்டேன். நெத்துக் காயெல்லாம் கறகறன்னு காஞ்சு, சுருள் கம்பி மாதிரி முறுக்கி நிக்குது. நான் மொத செடிகிட்டப் போயி கைய வச்சேன். 'பட்'டுன்னு ஒண்ணு. விதை என் மூக்குல அடிச்சுது. வலியில கத்துனேன். அந்தச் சத்தத்துல பக்கத்துச் செடி வெடிச்சுது. அதுல அடுத்தது. பெறகு கரடு முழுக்கப் படபடபடன்னு... அடடா! தீபாவளிப் பட்டாசுக் கடைக்கு உள்ள நின்னு தீக்குச்சி உரசுன மாதிரி. என் சட்டை சல்லடை ஆயிருச்சு. கீழ ரோட்டுல போன கல்யாணக் காரு, நமக்குத்தான் வேட்டுப் போடுறாங்கன்னு நெனச்சு நின்னு கும்பிட்டுட்டுப் போச்சு."

"நீங்க என்னண்ணே பண்ணீக?" என்றான் ஜக்கையன்.

"வீரமான ஆளா இருந்தா ஓடியிருப்பான். எனக்கு ஓடவும் தைரியம் இல்ல. ரெண்டு கையையும் தூக்கிட்டு, 'சுடாதீக, சுடாதீக, நான் விதை கேக்கவே இல்ல'ன்னு ஒரு கொழிஞ்சிச் செடிகிட்ட சரணடைஞ்சேன். செடிகிட்டச் சரணடைஞ்ச ஆம்பளை உலகத்துல நான்தான் டீச்சரம்மா. அதுவும் சின்னச் செடி. என் முழங்கால் உசரம்கூட இல்ல."

கொஞ்சம் தள்ளி நின்றிருந்த பயணிகளும் இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் டிரைவர் எப்போது வருவார் என்று கேட்கவில்லை.

"வெடிச்சு ஓஞ்சப்போ தரையில ஒரு விதை இல்ல. எல்லா விதையும் என் மேலதான். தலையில, தாடியில, காதுக்குள்ள, தொப்புளுக்குள்ள. ஒரு செடியில கூடக் காய் மிச்சமில்ல. போச்சு, பின்னி ஸ்கூட்டருக்குப் போயிட்டான்னு நெனச்சேன். துக்கம் தாங்கல. துக்கம் வந்தா எனக்குத் தூக்கம் வரும்."

"சந்தோசம் வந்தா?" என்றான் ஜக்கையன்.

"அதுக்கும் அதேதான். நின்னபடிக்கே தூங்கிட்டேன். படுக்கலாம்னா பாறை சுடுது. அந்த வெயில்ல எனக்கு வேர்த்துச்சு பாருங்க! அந்தக் கரடு ஈரத்தைப் பாத்து எத்தனையோ காலம் ஆச்சு. என் மேல இருந்த விதைக்கெல்லாம் மழை வந்துருச்சுன்னு நெனப்பு. கப்புன்னு முளைச்சிருச்சு. காதுல ஒரு கொத்து, தோள்ல ஒரு புதரு. வேரு முதுகுல இறங்கி, காலு வழியாப் போயி, பாறையைத் தொளைச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. நான் முழிக்கையில ஊதாப் பூப்பூத்து நிக்கிறேன். தேனீ வந்து மொய்க்குது. ஒருத்தன் என் இடுப்புல அவன் ஆட்டைக் கட்டிட்டுச் சாப்பிடப் போயிருக்கான்."

"கத்த வேண்டியதுதானே?" என்றான் ஜக்கையன்.

"ஏன் கத்தணும்? நகர வேண்டியதில்ல, வேலை செய்ய வேண்டியதில்ல, நின்னாப் போதும். என் வாழ்க்கையில நான் ஆசைப்பட்ட ஒரே உத்தியோகம் அதுதான். மறுபடி தூங்கிட்டேன்."

தவமணி டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உங்க வேருக்குத் தண்ணி எங்கே கிடைச்சுது? அதைச் சொல்லுங்க."

கேட்பவர் மடக்கப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. மொக்கராசு சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"சரியான கேள்வி. அதுலதான மாட்டிக்கிட்டேன். என் வேரு கரட்டைக் குடைஞ்சு, ரோட்டுக்கு அடியில போயி, மாமா கிணத்துல எட்டிப் பாத்துருச்சு. மாமா மோட்டாரைப் போட்டா வெறும் காத்து வருது. கிணத்துல இறங்கிப் பாத்தாரு. ஒரு வேரு, கலர் சோடா குடிக்கிற மாதிரி சர்ர்ருன்னு தண்ணியை உறிஞ்சிக்கிட்டிருக்கு. கோவத்துல அதப் பிடிச்சு ஒரு இழு இழுத்தாரு. கரட்டு மேல என் கால் கட்டைவிரலு சுண்டுச்சு. தூக்கத்துல, 'மாமா, இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன் மாமா'ன்னேன். அந்தச் சத்தம் வேரு வழியா டெலிபோன் மாதிரி இறங்கி, கிணத்துக்குள்ள கேட்டிருக்கு. மேல எட்டிப் பாத்துக்கிட்டிருந்த பின்னி, 'அப்பா! இது மச்சான் கொரலு'ன்னு கத்திட்டா."

"அடப்பாவி," என்றான் ஜக்கையன். ஆனால் குரலில் பழைய எரிச்சல் இல்லை.

"ரெண்டு பேரும் கரட்டுல ஏறித் தேடுறாக. எல்லாமே கொழிஞ்சி. எதுடா மாப்பிள்ளைன்னு மாமாவுக்குத் தெரியல. இவதான் ஒவ்வொரு செடியா காது வச்சுக் கேட்டுக்கிட்டே வந்தா. ஒரு செடி கொறட்டை விட்டுச்சு. அப்படியே நின்னுட்டா." மொக்கராசு ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தார். "ஏறி வந்தவளுக்கு நாக்கு வறண்டு கெடந்துச்சு. ஆனா தூக்குச்சட்டியில கொண்டாந்த தண்ணிய ஒரு மடக்குக்கூடக் குடிக்காம, மொத்தத்தையும் என் வேர்ல ஊத்துனா. அன்னைக்கு எனக்குப் பூத்த மாதிரி, எந்தக் கொழிஞ்சிக்கும் பூத்ததில்ல."

பின்னியக்காள் குனிந்தபடியே மொச்சையை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா மாமா மாமாதான். 'விதை எங்கடா?'ன்னாரு. 'என் மேலதான் மாமா இருக்கு.' 'அப்ப உன்னயத்தான் விதைக்கணும்.' கயித்தைக் கட்டி மாட்டை விட்டு இழுத்தாக. வரல. டிராக்டரைக் கொண்டாந்தாக. டிராக்டரு முன்சக்கரத்தைத் தூக்கிக் கும்பிடு போட்டுச்சு. நான் வரல, கரடு வந்துச்சு. முழுக் கரடும் நகந்து வந்துருச்சு டீச்சரம்மா! ரோடு இங்க எதுக்கு இப்படி வளைஞ்சு போகுதுன்னு நெனைக்கிறீக? முந்தி நேராப் போன ரோடு. கரடு வந்து குறுக்க உக்காரவும், பயந்து ஒதுங்கிருச்சு."

எல்லோரும் ஒரே நேரத்தில் ரோட்டைத் திரும்பிப் பார்த்தோம். நானும்தான். ரோடு வளைந்துதான் இருந்தது.

"கடைசியில 'டொப்'புன்னு பிடுங்கிட்டு வந்தேன். வேர்ல முடிச்சு முடிச்சா, ஒவ்வொண்ணும் பூசணிக்கா அளவு."

"அந்த முடிச்சுதான் காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்கும்," என்றார் டீச்சர் தன்னை மறந்து.

"பாத்தியாடா ஜக்கையா, படிச்சவுகளே ஒத்துக்கிட்டாக! என்னயத் தூக்கிட்டுப் போயிக் களரு வயல்ல நடுவுல நட்டாக. ஆடி வரைக்கும் நின்னேன். என் மேல இருந்து காய் வெடிச்சு, வயலு முழுக்கக் கொழிஞ்சி. மாமா ஏரைப் பூட்டிட்டாரு. மடக்கி உழணும்ல? இவ ஓடியாந்து ஏருக்கு முன்னால விழுந்து, 'மூஞ்சியை மட்டும் விட்டுட்டு உழுங்கப்பா'ன்னு அழுகுறா. மாமா என் மூஞ்சியை ஒரு பார்வை பாத்தாரு. 'இத மிச்சம் வச்சு என்னம்மா பண்ணப்போற?'ன்னுட்டு ஏரை ஓட்டிட்டாரு."

"செத்திருப்பீகளே!" என்றான் ஜக்கையன்.

"கலப்பைக் கொழு கிட்ட வந்துச்சு. என் மண்டையில ஒரு தட்டுத் தட்டிப் பாத்துச்சு. உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் ஒதுங்கிப் போயிருச்சு. நான் மண்ணுக்கு அடியில நிம்மதியாத் தூங்குனேன். மேல நெல்லு நட்டாக. நான் கீழ இருந்து உரமாக் கசியக் கசிய, நெல்லு வளருது, வளருது. குருவி கதிரைத் தேடிப் பறந்து, பாதியில ஒரு தோகையில உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் மேல போகும். அறுப்புக்குத் தென்னை ஏறுறவுகளக் கூப்பிட்டோம். ஒரு நெல்ல உரிச்சா, அந்த உமியில கைப்பிள்ளையப் போட்டுத் தாலாட்டலாம்."

"அந்த ஸ்கூட்டர் மாப்பிள்ளை?" டீச்சர் இப்போது முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அவனா? பொண்ணு பாக்கக் கெளம்பி வந்தான். குறுக்கு வழின்னு எங்க வயலுக்குள்ள வண்டிய விட்டான். வழி தெரியல. அவுக வீட்டுல அவனுக்கு இன்னும் சோறு எடுத்து வச்சிருக்காக. காத்தடிச்சா எங்க வயக்காட்டுல லேசா ஹார்ன் சத்தம் கேக்கும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிமெண்டு மூட்டையோடு வந்த ஒருவர், இறக்கி வைத்த மூட்டை மேலேயே சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நெல்லு விளைஞ்சிருச்சு. மாமா வாக்குத் தவறல. ஆனா மாப்பிள்ளை மண்ணுக்குள்ள. இவ வரப்புல நின்னு, 'மச்சான், கல்யாணச் சாப்பாடு ரெடி'ன்னு ஒரே ஒரு குரல் குடுத்தா. கலப்பைக்கு எந்திரிக்காதவன், டிராக்டருக்கு எந்திரிக்காதவன், அதுக்கு எந்திரிச்சேன். அன்னைக்கு எனக்குச் சவரம் பண்ண வந்தவரு கத்தியப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, வீட்டுக்குப் போயி அரிவாளோட வந்தாரு. மாலை வாங்கவே இல்ல. தோள்ல பூத்திருந்ததே போதும்னுட்டாக."

"அத்தனையும் பொய்," என்றான் ஜக்கையன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு சாட்சி காட்டுங்க பாப்போம்."

மொக்கராசு தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். கருகருவென்று கொத்தாக மயிர் நின்றது. "இது என்னன்னு நெனச்ச? எவ்வளவு வெட்டுனாலும் தளிர்க்குது. ஆணிவேரு உள்ள கெடக்கு."

"அது எல்லா வயசானவுகளுக்கும் இருக்கும்ணே. சாட்சின்னா ஆளு." ஜக்கையன் எழுந்து பின்னியக்காள் முன்னால் போய் உட்கார்ந்தான். "அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீக. நீங்க சொல்லுங்க. இந்த மனுசன் சொன்னது நெசமா?"

எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். மொக்கராசு மட்டும் கரட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தார். ஊர் முழுக்கச் சிரித்தாலும் அலட்டிக்கொள்ளாத மனுஷன், இந்த ஒரு வாய் என்ன சொல்லுமோ என்று பயந்துபோயிருந்தார்.

பின்னியக்காள் கடைசி மொச்சையை உரித்து முடித்தார். மடியை உதறினார். முகத்தில் சிரிப்புக்கான அடையாளமே இல்லை.

"பெரும்பாலும் நெசந்தான் தம்பி. ஒரே ஒரு தப்பு. அது இந்தா உக்காந்திருக்கிற இதுக்குத் தெரியாது. நானும் இத்தனை காலம் சொன்னதில்ல."

"என்னக்கா?"

"கரட்டுல அன்னைக்கு ஒரே செடியா கொறட்டை விட்டுச்சு? ரெண்டு செடி விட்டுச்சு. இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்பா வேற அவசரப்படுத்துனாரு. கைக்குக் கிடைச்சதைப் பிடுங்கிட்டு வந்துட்டோம். வீட்டுக்கு வந்து தாலி கட்டுனதுக்குப் பெறகுதான் தெரிஞ்சுது, மாத்திப் பிடுங்கிட்டோம்னு. எங்க மச்சான் இன்னும் மேலதான் நிக்கிறாரு. இது வெறும் கொழிஞ்சி."

மொக்கராசு மெல்லத் திரும்பித் தன் கைகளை, ஏதோ இலையைப் பார்ப்பது போல, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். "அப்புறம் ஏம்மா போய் அவரைக் கூட்டிட்டு வரல?"

"போனேன் டீச்சர். கிட்டப் போயி நின்னேன்." பின்னியக்காள் மொச்சைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அது இதை விட அதிகமாப் பேசுச்சு. பேசாம இறங்கி வந்துட்டேன்."